மாடு ஏன் விழுந்தது?

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலை. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. மோட்டார் கொட்டகை ஓரம் ஒரு மாடு மேய்கிறது. அங்கே 'எர்த்' கம்பி புதைத்திருக்கிறது. மாடு கம்பியைத் தொடவில்லை. ஆனாலும் திடீரென்று சுருண்டு விழுகிறது!

இப்படி நடக்குமா? நடக்கும்.

மோட்டாரின் உள்ளே ஒயர் பழுதானால், மின்சாரம் அதன் இரும்பு உடலில் கசியும். எர்த் கம்பி வழியே மண்ணில் இறங்கும். இறங்கிய உடனே மறைந்துவிடாது, சுற்றிலும் பரவும்.

திருவிழாவில் கோவில் வாசல் குறுகல்; நெரிசல் அதிகம். வெளியே வந்தால் கூட்டம் கலைந்துவிடும். மின்சாரமும் அப்படித்தான். கம்பியை ஒட்டிய மண்ணில்தான் நெரிசல்.

ஒரு கணக்கு

10 அடிக் கம்பியில் 230 வோல்ட் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மண் ஒரே சீராக இருந்தால், 1 அடி தள்ளி சுமார் 100 வோல்ட் இருக்கும். 3 அடியில் 65. 6 அடியில் 45.

மனிதனின் ஒரு கால் 1 அடியிலும், மறு கால் 3 அடியிலும் இருந்தால் வித்தியாசம் 35 வோல்ட். மாட்டின் முன்கால் 1 அடியிலும், பின்கால் 6 அடியிலும் இருந்தால் 55 வோல்ட்! அதுவும் நெஞ்சு வழியாகப் பாய்கிறது.

பியூஸ் போகாதா?

மலையில் பாறை அதிகம். பாறை நிலம் மின்சாரத்தை எளிதில் விடாது. எர்த்தின் தடை 50 ஓம் இருந்தால் 5 ஆம்பியர்கூட ஓடாது. 15 ஆம்பியர் பியூஸ் எப்படிப் போகும்? ஆபத்து மணிக்கணக்கில் நீடிக்கும்.

செய்ய வேண்டியவை

எர்த் குழி, மின்கம்பம், ஸ்டே கம்பி அருகே மாட்டைக் கட்டாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று மின் பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் தானே நிறுத்தும் ஈ.எல்.சி.பி. கருவியைப் பொருத்துங்கள்.

மின்கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காதீர்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். தெரியாமல் அருகில் போய்விட்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி விலகுங்கள்.

மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். உயிரைக் காக்கும் கருவிக்குக் கணக்குப் பார்க்கலாமா?