பெற்றோல் வரி கூடினால் யாருக்கு நட்டம்?

பெற்றோல் விலை ஒரு சதம் கூடினாலும் எம்மவர் வீடுகளில் அது பெரும் பேச்சாகிவிடும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நம்மிடையே பலர் உளர். எரிபொருளின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், பெற்றோல் வரி குறைந்தால் நமக்கு நன்மை, கூடினால் தீமை என்று உடனே முடிவு கட்டிவிடுகின்றோம். ஒன்ராறியோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இம்முடிவைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

ஒன்ராறியோ மாகாணத்தின் பெற்றோல் வரி 1992 இல் லீற்றருக்கு 14.7 சதமாக நிர்ணயிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளாக அத்தொகை மாறவில்லை. அதே காலப்பகுதியில் கனடாவில் பொருட்களின் விலை ஏறக்குறைய 80 வீதம் உயர்ந்தது. விலையேற்றத்தோடு வரியும் நடந்திருந்தால் 2022 இல் அது ஏறக்குறைய 26 சதமாக இருந்திருக்கும். ஆகவே எவரும் அறிவிக்காமலே அவ்வரி ஆண்டுதோறும் தேய்ந்து வந்தது எனலாம். இந்நிலையில் 2022 யூலை முதலாம் திகதி மாகாண அரசு மேலும் 5.7 சதத்தைக் குறைத்து அதனை 9 சதமாக்கியது. தற்காலிகம் எனச் சொல்லப்பட்ட இச்சலுகை பலமுறை நீடிக்கப்பட்டு, 2025 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

இதனால் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது யாது? 50 லீற்றர் கொள்ளும் தாங்கியை நிரப்பினால் 2 டொலர் 85 சதம் மிஞ்சும். பெற்றோல் வரியின் மீதும் 13 வீத விற்பனை வரி அறவிடப்படுவதால் அதையும் சேர்த்தால் 3 டொலர் 22 சதம். வாரம் ஒருமுறை நிரப்புபவருக்கு ஆண்டொன்றுக்கு 167 டொலர் வரையில் மீதமாகும். பெரிய வண்டிகள் இரண்டு வைத்திருப்பவருக்கு இதனிலும் கூடுதலாகக் கிடைக்கும். கார் வாங்க வசதியற்று, குளிரில் பஸ் தரிப்பில் நிற்கும் தாய்க்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. கூடுதலாக எரிப்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சலுகை இது.

மறுபுறத்தை நோக்குவோம். ஸ்காபரோவில் 1985 முதல் ஓடிய இலகு ரயில், 2023 யூலை 24 ஆம் திகதி தடம்புரண்டதுடன் நிரந்தரமாக நின்றுபோனது. அதற்கு மாற்றாக வரவேண்டிய சுரங்க ரயில் பாதை அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பயணிகள் அனைவரும் பஸ்களில் ஏற்றப்பட்டனர். அவ்வாறு நெரிசலில் வேலைக்கும் கல்லூரிக்கும் சென்றவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம்.

பொதுப் பணம் முறையாகச் செலவிடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 பெப்ரவரி 26 ஆம் திகதிக்கு முன்னர், ஸ்காபரோவிலிருந்து மார்க்கம் சென்று வேலை செய்பவர் ரொறன்ரோ பஸ்ஸுக்கு ஒன்றும் யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கு மற்றொன்றுமாக இரண்டு கட்டணம் செலுத்தினார். அன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறுபவருக்கு ஒரே கட்டணம் போதும் என்றானது. அதற்கான செலவை மாகாண அரசு ஏற்றது. ரொறன்ரோவில் வளர்ந்தோர் கட்டணம் அட்டைக்கு 3 டொலர் 30 சதமாக இருந்தது. அதாவது பெற்றோல் சலுகை ஒரு தாங்கிக்குக் கொடுத்ததை விடக் கூடுதலான தொகையை இத்திட்டம் ஒரே பயணத்தில் மீதப்படுத்தியது.

இதற்கு மறுப்பும் உண்டு. அது நியாயமான மறுப்பே. வாடகை குறைந்த இடம் தேடி ஏஜாக்ஸ் வரை சென்று குடியேறியவர், அதிகாலை ஐந்து மணிக்கு மிசிசாகாவில் உள்ள தொழிற்சாலைக்குச் செல்வதற்குப் பஸ்ஸை நம்ப முடியாது. பீற்சா விநியோகம் செய்யும் இளைஞருக்குக் கார்தான் பிழைப்பு. இவர்களுக்குக் கார் ஆடம்பரம் அன்று. வரியை ஒரே நாளில் உயர்த்தினால் முதலில் அடிபடுபவர்கள் இவர்களே. ஆகவே குறைத்த 5.7 சதத்தை ஆண்டுக்கு ஒரு சதம், இரண்டு சதம் எனப் படிப்படியாகவே மீட்டல் வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வரிக்கழிவு மூலம் ஈடு செய்தலும் வேண்டும்.

அதனிலும் முக்கியமானது, அப்பணம் எங்கு செல்கிறது என்பது. 2019 இல் தொடங்கிய காபன் வரி இதற்குப் பாடம். அறவிட்ட பணத்தின் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திருப்பி வழங்கப்பட்டது. எனினும் பெற்றோல் நிலையத்தில் வரியைக் கண்ட மக்கள், வங்கிக் கணக்கில் விழுந்த பணத்தை அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை. 2025 ஏப்ரல் முதலாம் திகதியுடன் அது பெற்றோலிலிருந்து நீக்கப்பட்டது. பயன் கண்ணுக்குத் தெரியாத வரியை மக்கள் தாங்கிக்கொள்வதில்லை. பெற்றோல் வரியில் லீற்றருக்கு 2 சதம் நகரங்களின் பொதுப் போக்குவரத்துக்கென 2006 இல் ஒதுக்கப்பட்டு, 2013 இல் அந்த ஒதுக்கீடு சட்டமாக்கப்பட்டது. மீட்கப்படும் ஒவ்வொரு சதமும் அவ்வாறே சட்டத்தால் பஸ் சேவைக்குக் கட்டப்படல் வேண்டும். எந்தத் தடத்தில் எத்தனை பஸ் கூடியது என்பதை ஆண்டுதோறும் அறிவித்தலும் வேண்டும். அந்த உறுதி இல்லையேல் வரி உயர்வை நாம் ஆதரிக்க வேண்டியதில்லை.

அகதி விண்ணப்பம் முடிவாகாது காத்திருப்பவருக்கு இந்நாட்டில் வாக்கு இல்லை. ஆனால் பெற்றோல் நிலையத்தில் அவரிடமும் வரி அறவிடப்படுகிறது. வரி கொடுப்பவர் கேள்வி கேட்கலாம். மாகாணப் பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. நம் கோவில் விழாக்களுக்கும் ஒன்றுகூடல்களுக்கும் மாலை ஏற்க வரும் உறுப்பினர்களிடம், அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு எப்போது பஸ் வரும், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்போமாக.