மச்சமும் மரபணுவும்

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே அடையாள அட்டையில் 'சீஞ் பர்த்திக்குலியே' என்று ஒரு வரி இருக்கும். தனி அடையாளங்கள் என்று பொருள். நம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு கேட்பார்களே, அதே சங்கதிதான். பிறகு அரசாங்க வேலைக்கு வந்து, பணிப் பதிவேடுகளில் எத்தனை பேருக்கு 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. முகத்தில் ஒன்றும் அகப்படாத ஆசாமிகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தேடியதும் உண்டு.

இந்த அங்க அடையாளம் 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. மேலூர்ப் பக்கத்து வயதான தம்பதி, பள்ளியில் படிக்கும்போது வீட்டை விட்டுப் போன தங்கள் மகன்தான் நடிகர் தனுஷ் என்றும், மாதம் 65,000 ரூபாய் ஜீவனாம்சம் வேண்டும் என்றும் மேலூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தனுஷ் நேரில் வந்து நிற்க, மருத்துவர்கள் அவர் உடம்பில் மச்சத்தையும் தழும்பையும் பார்த்தார்கள். தம்பதி தரப்பு டி.என்.ஏ. பரிசோதனை கேட்டது. தனுஷ் சம்மதிக்கவில்லை. அந்தப் பரிசோதனை இல்லாமலே ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் மேலூர் வழக்கை ரத்து செய்தது.

"ஒரு சொட்டு ரத்தம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமே சார், மடியில் கனமில்லை என்றால் என்ன பயம்?" என்று சிறுவாச்சூர் டீக்கடையில் அப்போது என்னை மடக்கினார்கள். வெள்ளிக்கிழமை, மதுரகாளியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் வேறு. நான் நீதிமன்றம் செய்ததே சரி என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

பரிசோதனையைக் குறை சொல்லவில்லை. மச்சத்தை லேசர் வைத்து எடுத்துவிடலாம், இதை எடுக்க முடியாது. நம் மரபணு இழையில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொரு இடத்திலும் அப்பாவிடமிருந்து ஒரு எண்ணிக்கை, அம்மாவிடமிருந்து ஒன்று. இப்படி இருபது இடங்கள் போலப் பார்த்தால், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் தவிர வேறு இருவருக்கு எல்லாம் ஒத்துப்போவது நடக்காத காரியம். ஆனால் அந்த எண்களில் பெயர் எழுதியிருக்காது. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொருவர் மாதிரி வேண்டும்.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதிலிருந்த 242 பேரில் 241 பேர் மாண்டார்கள். முகம் தெரியாமல் கருகிய உடல்கள். பெற்றவர்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். முன்னாள் முதலமைச்சர் விஜய் ரூபானியின் உடலையே மூன்று நாள் கழித்து டி.என்.ஏ. வைத்துத்தான் கண்டார்கள். இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்த இந்த முறை, 1986-இல் முதன்முதலாகக் கொலை வழக்குக்குப் போனபோது, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் நிரபராதி என்று காட்டியது. இதற்கெல்லாம் நான் இரண்டு கையையும் தூக்குவேன்.

கேட்டவருக்கெல்லாம் ரத்தம் கொடு என்பதைத்தான் நான் ஒப்பவில்லை. இன்று நடிகரைக் கேட்பார்கள், நாளைக்குச் சந்தேகப் புருஷன் கேட்பான், பாகப்பிரிவினையில் பங்காளி கேட்பான். நம் 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டம் 112-ஆம் பிரிவு, திருமணம் நிலுவையில் இருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவன் குழந்தையே என்று வைத்தது. இருவரும் சேர்ந்திருக்க வழியே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் இது 116-ஆம் பிரிவாக இருக்கிறது. டி.என்.ஏ. பரிசோதனைக்குச் சகஜமாக உத்தரவிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொன்னது, 2023-இல் மறுபடி சொன்னது.

பிரான்சில் இன்னும் கண்டிப்பு. நீதிபதி உத்தரவில்லாமல் தகப்பன் யார் என்று தனியாரிடம் டி.என்.ஏ. பார்க்கக் கொடுத்தால் 3,750 யூரோ வரை அபராதம். என் பிரெஞ்சுக்கார நண்பர்கள் இதை வீட்டு விஷயத்தில் சர்க்கார் தலையிடுவதாகச் சொல்லி முணுமுணுப்பார்கள். நான் அந்தச் சர்க்கார் பக்கம். புருஷனுக்கு மனைவி மேல் கோபம், பங்காளிக்கு நிலத்தின் மேல் கண். ஊசி குத்துவது ஒன்றும் அறியாத ஆறு வயதுப் பிள்ளையின் கையில். பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும், அந்தப் பிள்ளைதான் மறுநாள் இதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.