மீசைக்காரருக்கு மணல் வேணும்

"அப்பா, இதுக்கு மீசையைக் காணேல்லை."

மீன் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றபடி மகள் சொன்னாள். எட்டு வயசு. நான் போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கும் பிள்ளை, வடிவாப் பார்" என்றேன். அவள் விடவில்லை. "நாலு பேருக்கு இருக்கு. ரெண்டு பேருக்கு இல்லை. முந்தி இருந்தது."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. எங்களிடம் இருந்த ஆறு கொறிடோராஸ் மீன்களில் இரண்டின் மீசை தேய்ந்து, வெறும் முளை மாதிரி நின்றது. அதில் ஒன்றின் வாயோரம் சிவந்தும் கிடந்தது. பத்து நாளில் அது செத்துப்போனது. ரொறன்ரோவில் மாசி மாதம், வெளியே நிலம் கல்லாய் இறுகியிருந்தது. வீட்டுக்குள் இருந்த பூச்சாடி ஒன்றில்தான் புதைத்தோம்.

"நாங்கள்தானே அதைச் சாகவைச்சது?" என்று கேட்டாள். "சீச்சீ, அப்பிடி இல்லை" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அதற்குள் நானும் கொஞ்சம் வாசித்திருந்தேன். "ஓம் பிள்ளை, எங்களாலதான் இருக்கும். பிழை என்ர. கல்லு வாங்கினது நான்" என்றேன்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் நாய் கேட்பார்கள், நாங்கள் மீன் வாங்கிக் கொடுப்போம். மீன் வாங்கினால் கடையில், "அடியில் விழுற சாப்பாட்டை இது துப்புரவாக்கும்" என்று இந்தக் குட்டிக் கெளுத்தியையும் சேர்த்துத் தருவார்கள்.

கொறிடோராஸ் தென்னமெரிக்க ஆறுகளின் மீன். அடியிலேயே வாழும். மீசையால் தடவித் தடவி மணலுக்குள் இருக்கும் புழு பூச்சியைத் தேடும். முகத்தை மணலுக்குள் புதைத்து, வாயால் மணலை அள்ளி, சாப்பாட்டை வைத்துக்கொண்டு மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே விடும். இதுதான் அதன் சீவியம். நாள் முழுக்கச் செய்யும்.

நான் போட்டிருந்தது நீலமும் ஊதாவுமாய்ச் சாயம் பூசின சரளைக் கல். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் விளிம்பெல்லாம் கூர். அதில் மீனால் கிண்ட முடியாது, கிண்டினால் மீசை உரசும். அதைவிட மோசம், மிஞ்சின சாப்பாடும் கழிவும் கல்லிடுக்குக்குள் இறங்கி அழுகும். உரசின மீசைக்கு அந்த அழுக்கில் இருக்கும் பக்டீரியா தொற்றும். பிறகு மீசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

என் அம்மாவிடம் சொன்னேன். அவவுக்கு இதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "குளத்துக் கெளுத்தி சேத்துக்கை கிடக்கிற மீனெல்லோ. அதைக் கொண்டுபோய்க் கல்லுக்கு மேலை விட்டா என்ன செய்யும்?" என்றா.

சரி, என்ன செய்யலாம்?

மணல் போடுங்கள். கூர் இல்லாத, மெல்லிய ஆற்று மணல் மாதிரியானது. மீன் கடையில் விற்கும் மணலும் சரி, பிள்ளைகள் விளையாடுவதற்கென்று விற்கும் சுத்தமான மணலும் சரி. கடற்கரை மணலும் பவளத்தூளும் வேண்டாம், அவை தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிவிடும். சந்தேகம் என்றால் காய்ந்த மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது இந்தத் தொட்டிக்கு ஆகாது.

வாளியில் போட்டு, அரிசி கழுவுவதுபோல, தண்ணீர் தெளியுமட்டும் கழுவுங்கள். நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கக் கழுவினோம். 3 முதல் 5 சென்ரிமீற்றர் உயரம் போதும்.

மாற்றும்போது மீன்களைத் தொட்டித் தண்ணீரோடேயே வேறு வாளிக்கு மாற்றுங்கள். வலையால் அள்ளுவதைவிட ஒரு கோப்பையால் அள்ளுவது நல்லம். இவற்றின் செட்டையில் முள் இருக்கிறது, வலையில் சிக்கும், கையிலும் குத்தும். பில்டருக்குள் இருக்கும் பஞ்சைக் காய விடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் கழுவவும் வேண்டாம். கழிவை உடைக்கும் நல்ல பக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது.

ஆனால் மணல் போட்டவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். மணலின் மேல் தங்கும் அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ரொறன்ரோத் தண்ணீரில் குளோரமீன் கலக்கிறார்கள். ஒரு இரவு வைத்தால் போகாது, அதற்கான திரவம் விடத்தான் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்கிறதா என்று சோதியுங்கள். வெப்பம் 22 முதல் 26 பாகை போதும்.

இன்னொன்று. இவர்கள் எங்கள் வீட்டுத் துப்புரவுப் பணியாளர்கள் இல்லை. மற்ற மீன்களின் கழிவைத் தின்ன மாட்டார்கள். அடியில் மூழ்கும் சாப்பாடு தனியாகப் போடுங்கள். கூட்டமாக வாழும் மீன், ஆறாவது வேணும். இடைக்கிடை மேலே பாய்ந்து காற்றை விழுங்கினால் பயப்படாதீர்கள், குடலாலும் மூச்சு விடக்கூடிய மீன் அது. திரும்பத் திரும்ப ஓடினால் மட்டும் தண்ணீரைச் சோதியுங்கள்.

மணல் போட்ட அன்று பின்னேரம் மகள் கூப்பிட்டாள். மிஞ்சின ஐந்தும் கண்மட்டும் மணலுக்குள் முகத்தைப் புதைத்துக் கிண்டிக்கொண்டிருந்தன. செவுளால் மணல் புகைபோல வந்தது. ஒரு வருசமாக வைத்திருந்தும், அவை அப்படிச் செய்ததை நாங்கள் பார்த்ததே இல்லை.

மீசை அடியோடு போகாவிட்டால் திரும்ப வளரும். தேய்ந்திருந்த மற்ற மீனுக்கு ஒரு பக்கம் வளர்ந்துவிட்டது, மற்றப் பக்கம் இன்னும் கட்டைதான். மகள் அதற்கு "அரைமீசை" என்று பேர் வைத்திருக்கிறாள். பின்னேரம் சாப்பாடு போடும்போது எல்லா மீசையையும் எண்ணுகிறாள். இப்போது நானும் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து எண்ணுகிறேன்.

உங்கள் வீட்டிலும் கொறிடோராஸ் இருந்தால், இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளோடு பத்து நிமிசம் தொட்டிக்கு முன்னால் இருங்கள். மீசையை எண்ணச் சொல்லுங்கள். அவர்கள் "காணேல்லை" என்று சொன்னால், எழும்பிப் போய்ப் பாருங்கள்.