கைக்கிளை

மாணவர்களே! கைக்கிளை என்றதும் ஒருதலைக் காமம் ஒன்றையே நினைத்தல் சாலாது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையுள் மூன்றாவதற்கும் அதுவே பெயர். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் நெடில் ஏழும் முறையே இவற்றிற்கு எழுத்தாயின. கைக்கிளைக்கு உரியது ஊகாரம். இஃதறியாதார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இச்சொல்லைக் கண்டு, யாழ் நரம்பிடையே காதலரைத் தேடி இடர்ப்படுவர்!

இரண்டிற்கும் ஒரு பெயர் வந்தது எங்ஙனம்? கை என்பது சிறுமை; கிளை என்பது உறவு. இசைநூலார் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றனர். ஆகவே குரலுக்குக் கிளை இளியே. மூன்றாம் நரம்பையோ பகை என்றனர். உறவென்று பெயர் பூண்டும் நிறைந்த உறவாகாமையின், காதற்கும் நரம்பிற்கும் இப்பெயர் பொருந்திற்று என்பது என் துணிபு. தற்செயலாய் ஒத்ததென்று தள்ள என் மனம் ஒருப்படவில்லை.