மொழிபெயர்க்கிறது மகளின்ர வேலை இல்லை

தொழில் வழிகாட்டல் கூட்டங்களில் எங்களுக்குக் காட்டப்படும் பட்டியல் ஒன்று இருக்கிறது. கணினி அறிவு, ஆங்கிலம், குழுவாக வேலை செய்யும் பழக்கம், நேர முகாமைத்துவம். கடைசியாக, தேநீருக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, ‘பண்பாட்டுத் தேர்ச்சி’ என்று ஒரு வரி வரும். மற்ற இனத்தவரோடு சிரித்துப் பழகுங்கள், அவர்களின் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் அதற்குக் கிடைக்கும் விளக்கம். பிறகு தேநீரும் பற்றீசும்.

அந்த வரியை மேலே கொண்டுவந்து போடச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம். தாதி, வைத்தியர், குடும்பநல உத்தியோகத்தர், பொலிஸ், நீதிமன்ற உத்தியோகத்தர், கிராம சேவகர், ஆசிரியர், உளவளத்துணையாளர் ஆகிய வேலைகளில், முன்னால் இருக்கிற ஆளின் மொழியும் வழக்கமும் விளங்காதவர் தன்ர வேலையைப் பாதிதான் செய்கிறார். மிச்சப் பாதியை இந்த நாட்டில் வேறு யாரோ சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். எங்கட கோபம் அதிலதான்.

தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய், சிங்களம் மட்டும் கதைக்கிற ஒரு வார்ட்டில் படுத்திருக்கிறார் என்று வையுங்கோ. பதுளையிலோ நுவரெலியாவிலோ கொழும்பிலோ இது அபூர்வமான காட்சி இல்லை. வைத்தியர் வந்து கேட்கிறார். யார் மொழிபெயர்ப்பது? பக்கத்துக் கட்டில் நோயாளி. தரை துடைக்க வந்த சிற்றூழியர். பார்வை நேரத்துக்கு வந்த பதினாலு வயது மகள். இந்த மூன்று பேருக்கும் இந்த வேலைக்கு ஒரு சதமும் இல்லை, பயிற்சியும் இல்லை, பிழைத்தால் பொறுப்பும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்ட்டில் நடக்கிற மிக முக்கியமான வேலை அவர்களின் வாயில்தான் தங்கியிருக்கிறது.

மகளிடம் அம்மா எதைச் சொல்லுவா? மாதவிடாய் நிற்காமல் போகிறது என்பதையா? அப்பா அடித்துத்தான் கை முறிந்தது என்பதையா? ‘விழுந்திட்டன்’ எண்டுதான் சொல்லுவா. மகளும் அதையே சிங்களத்தில் சொல்லுவாள். வைத்தியரும் அதையே எழுதுவார். மூன்று பேரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் துண்டில் பொய்தான் ஏறியிருக்கும்.

சரி, சொல்லுக்குச் சொல் தெரிந்த ஒருவர் நின்றால் போதுமா? அதுவும் போதாது. ‘நெஞ்சு அடைக்குது’ என்பது மாரடைப்பாகவும் இருக்கலாம், பதினைந்து வருடமாகத் தேடுகிற பிள்ளையின் நினைவாகவும் இருக்கலாம். ‘வாய்வு’ என்றால் அகராதியில் காற்று. எங்கட ஆச்சிமார் முதுகுப் பிடிப்பில் இருந்து நெஞ்சுநோ வரைக்கும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘வாய்வுதான் தம்பி, வேற ஒண்டும் இல்லை’ எண்டு ஒரு கிழவி சொல்லும்போது, அதைக் ‘காற்று’ என்று மாற்றிச் சொல்லிவிட்டுப் போகிறவர் ஒரு மாரடைப்பை வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம். அந்தக் கிழவியிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதைத்தான் நாங்கள் பண்பாட்டுத் தேர்ச்சி என்கிறோம். அது படித்துப் பழகி வருகிற தொழில் அறிவு. ஊசி போடத் தெரிவது எப்படியோ அப்படி.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் அதை நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் விரித்து எழுதியது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் வந்தது. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வருபவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் ஆகியோரைச் சேர்த்தால் நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நாலில் ஒரு ஆளுக்கான சேவையை ‘ஆராவது தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமா?’ எண்டு வாசலில் நின்று கூப்பிட்டு நடத்துகிற அரசு இது.

இவ்வளவு கடதாசி இருந்தும் ஏன் நடக்கவில்லை? கடதாசி மொழியைப் பற்றிப் பேசுகிறது, வேலையைப் பற்றிப் பேசவில்லை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுத்தவருக்கு ஊக்கத்தொகை உண்டு. அவர் அந்த மொழியில் ஒரு முறைப்பாட்டைக் கேட்டு எழுதுகிறாரா என்று பார்க்க ஆள் இல்லை. மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆள் தேவைப்படும் இடங்களில் பதவி இல்லை. பதவி இருக்கும் இடங்களில் வெற்றிடம். அப்போ அந்த வேலை கீழே இறங்கிக்கொண்டே போகிறது. வைத்தியரிடம் இருந்து தாதிக்கு, தாதியிடம் இருந்து சிற்றூழியருக்கு, அவரிடம் இருந்து பிள்ளைக்கு.

அது பொலிசின் கையில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இருக்கிறது. 1993இல் மட்டக்களப்பில் கைது செய்யப்பட்டவர். அவருக்கு எதிரான ஒரே சான்று ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்கோ தமிழ் மட்டுந்தான். மொழிபெயர்த்தவர் பொலிஸ் கொன்ஸ்டபிள் ஒருவர். சிங்கராசா கைநாட்டு வைத்தார். 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் இதை நியாயமான விசாரணை இல்லை என்று தீர்மானித்தது. விசாரிக்கிற பக்கத்து ஆளே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால், அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றுதான் அர்த்தம். சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் ஒரு அலங்காரம் என்று நினைப்பவர்கள் அந்த 35 வருடத்தை ஒருக்கா எண்ணிப் பார்க்கட்டும்.

மொழி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது, அதிகாரிகளுக்கு விளங்காத சொல் எதுவும் இருக்கவில்லை. முஸ்லிம்கள் மூன்று மொழியிலும் சொன்னார்கள்: ஜனாஸாவை எரிக்க எங்களால் முடியாது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் என்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு எங்கட அரசு எரித்தது. அந்த டிசம்பரில், பெற்றோர் சம்மதிக்காமலே, பிறந்து 20 நாளான குழந்தையை எரித்தார்கள். 2021 பெப்ரவரி முடிவில் அனுமதி வந்து, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இதில் பிழை விட்டவர்கள் படிக்காத ஆட்கள் இல்லை. நிபுணர்கள். ஒரு சமூகம் தன் இறந்தவர்களை எப்படி அனுப்பி வைக்கிறது என்பது தங்கள் நிபுணத்துவத்துக்கு வெளியே என்று நினைத்த நிபுணர்கள். வெறுப்பு அரசியல் ஆணை போட்டது உண்மைதான். அதற்கு விஞ்ஞானச் சட்டை போட்டுக் கொடுத்தது அந்தத் தொழில்காரர்கள்தான்.

உதவ வந்தவர்களும் இதில் தப்பவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாடுகளில் இருந்து உளவளத்துணை செய்ய வந்தவர்கள் ஏராளம். பலருக்கு எங்கட எந்த மொழியும் தெரியாது. கையில் அறிகுறிப் பட்டியல் இருந்தது. ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலில் ஒரு அத்தியாயமே இதைப் பற்றியதுதான். ‘உனக்குள் என்ன நடக்குது?’ என்று அவர்கள் கேட்டார்கள். எங்கட சனம் ‘என்ர சனத்துக்கு என்ன நடந்தது?’ என்று அழுதுகொண்டிருந்தது. இப்பவும் பாருங்கோ. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரிடம், ‘ஏற்றுக்கொள்ளுங்கள், கடந்து வாருங்கள்’ என்று சொல்லப் பழகிய ஒருவரால் என்ன துணை செய்ய முடியும்? உடல் இல்லாமல் எட்டும் அந்தியேட்டியும் இல்லை. பிள்ளை எங்கே என்று பதில் வராமல் ஏற்றுக்கொள்வது நோய் தீர்வதும் இல்லை, அது கைவிடுவது. இதை விளங்காதவர் அந்தக் கொட்டிலுக்குள் பயிற்சிக் கைநூலோடு போகாமல் இருப்பதே நல்லது.

இதுவரை வாசித்துத் தலையாட்டிய எங்கட ஆட்களுக்கு இனிச் சொல்லப்போவது பிடிக்காது. தமிழ் தெரிந்திருப்பதும் பண்பாட்டுத் தேர்ச்சி ஆகாது.

77இலும் 83இலும் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய மலையக மக்கள் இன்றும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். கந்தோருக்கு வந்தால் யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு ‘இருங்கோ’. அதே கதிரைக்கு முன்னால் அவர்களுக்கு ‘என்ன வேணும், நில்லு’. பின்னால் திரும்பினால் ‘தோட்டக்காட்டான்’. இரண்டும் தமிழ்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் திரும்பி வந்து காணிக்கும் வீட்டுக்கும் படிவம் நிரப்பும்போது, ‘நீங்கள் இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள்?’ என்று கேட்கிற உத்தியோகத்தருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வரலாறு தெரியாது. அல்லது தெரிந்துகொண்டே கேட்கிறார். 2018இல் திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலைக்கு ஹபாயா அணிந்து வந்த ஆசிரியைகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களும் தமிழ் கதைக்கிறவர்கள், அந்த ஆசிரியைகளும் தமிழ் கதைக்கிறவர்கள். ‘தம்பி எந்த ஊர்? ஊரில எந்தப் பக்கம்?’ என்று கேட்டுச் சாதி பிடித்துவிட்டு வேலையைத் தொடங்குகிற ஆட்களைப் பற்றி நாங்கள் விளக்கத் தேவையில்லை.

எங்களுக்கு வருகிற எதிர்க் கேள்விகளும் தெரியும். ‘தமிழர் சிங்களம் படிக்கலாம்தானே?’ படிக்கிறோம். வேலைக்காகவும் வீதிக்காகவும் படிக்கிறோம், படிக்கச் சொல்லியும் சொல்கிறோம். ஆனால் நோயாளிக்கு மொழி படிக்கிற கடமை கிடையாது. சம்பளம் எடுக்கிறவருக்குத்தான் உண்டு. யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு வரும் சிங்கள நோயாளிக்கும் இதே நியாயம்தான். ‘எல்லோரும் ஆங்கிலம் படித்தால் முடிந்தது.’ ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை வாறதே குறைவு. கொழுந்து பறிக்கிற அக்காவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கோ. ‘நாட்டில் காசு இல்லை.’ பிழையான நோய்க்கு மருந்து கொடுக்கவும், கைநாட்டு வாங்கி வருடக்கணக்காகச் சிறையில் வைத்துச் சோறு போடவும் காசு இருந்ததே.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தமிழ் பேசுவோர் அதிகம் வரும் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் பொலிஸ் நிலையத்திலும் மொழிபெயர்ப்பாளருக்குப் பதவி, சம்பளம், பதவி உயர்வு. மொழிப் பரீட்சையில், எழுதிக் காட்டுவதோடு ஒரு ஆளை உட்கார வைத்துக் கதைத்துக் காட்டுவதும். தாதியர் கல்லூரியிலும் பொலிஸ் பயிற்சியிலும் பண்பாட்டுத் தேர்ச்சி பாடமாக, அதைப் படிப்பிக்கத் தோட்டத்து அக்காவும் ஓட்டமாவடி நானாவும் கட்டணத்தோடு அழைக்கப்படுவது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதற்குத் தடை.

வேலைக்குப் போய்விட்ட எங்கட வயதுக்காரருக்கும் ஒரு சொல். கந்தோரில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் நீங்கள் என்றால், எல்லோருடைய மொழிபெயர்ப்பும் உங்கட தலையில்தான் வந்து விழும். ‘தங்கச்சி, கொஞ்சம் சொல்லி விடுங்கோ’ எண்டு ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுவார்கள். முன்னால் நிற்கிற சனத்துக்காக அதைச் செய்யுங்கோ. ஆனால் சும்மா செய்யாதேங்கோ. ஒவ்வொரு தரமும் எழுதி வையுங்கோ: எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன விடயம். மாத முடிவில் அந்தக் கணக்கைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்து, இதை என்ர கடமைப் பட்டியலில் போடுங்கோ, இல்லாட்டி இதுக்கு ஒரு ஆளை எடுங்கோ என்று கேளுங்கோ. தொழிற்சங்கம் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

கணக்கில் வராத வேலைக்கு இந்த நாட்டில் ஒரு நாளும் ஆள் எடுக்கமாட்டார்கள். முதலில் அதைக் கணக்கில் ஏற்றுவோம்.