மலைக்கு இ-பாஸ் இருக்கு, கடலுக்கு? கன்னியாகுமரி குடும்ப டூர் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டது என்பதை கெங்குவார்பட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காட்ரோடு பிரிவில் கொடைக்கானலுக்குத் திரும்பும் வண்டிகளின் வரிசையே சொல்லிவிடும். ஊரெல்லாம் இங்கே வந்து மலையேறும்போது, இந்த ஊர்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடும் பேச்சு வேறு. ‘நாம எப்ப கடலைப் பார்க்கப் போறோம்?’

நியாயமான கேள்விதான். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கொடைக்கானல் பக்கத்து வீடு மாதிரி. தேனி மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆக, சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு நாள் லீவு போட்டு வரும்போது, அப்பா அம்மா, குழந்தைகள், சித்தப்பா குடும்பம் என ஒரு வேன் நிறைய ஆட்களுடன் கிளம்பும் ஊர் பெரும்பாலும் கன்னியாகுமரிதான். கோயில், படகு, சூரிய உதயம், கடைவீதி, கடல் என்று எல்லா வயதுக்கும் அங்கே ஏதாவது இருக்கிறது.

ஆனால், ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. மலைக்கு ஒரு கேட் இருக்கிறது. கடலுக்கு அப்படி எதுவும் இல்லை. எப்போது போகலாம், எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்ற கேட்டைக் குடும்பமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததற்கு முந்தைய நாள், 2024 மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் நடந்தது இதற்குச் சாட்சி. திருமணத்துக்காக நாகர்கோவில் வந்திருந்த மருத்துவ மாணவர்களில் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கடல் சீற்றம் இருக்கும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. எச்சரிக்கை இருந்தும் அந்த விபத்து நடந்தது.

காற்றே இல்லை, கடல் எப்படிச் சீறும்?

மலையடிவாரத்து ஆட்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. மஞ்சளாறு அணை பக்கத்திலேயே இருக்கிறது. பெரியகுளம் போனால் கும்பக்கரை அருவி. மலையில் மழை பெய்து அருவியில் நீர்வரத்து கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடும். ஆபத்து கண்ணுக்கும் தெரியும். தண்ணீர் கலங்கும், இரைச்சல் கூடும்.

கடல் அப்படி முன்கூட்டிச் சொல்லாது. ‘கள்ளக்கடல்’ என்று கேரள மீனவர்கள் அழைக்கும் நிகழ்வு இதற்குச் சரியான உதாரணம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் வீசும்போது அங்கே கிளம்பும் நீண்ட அலைகள், சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே அலை திடீரென்று உயர்ந்து கரையேறும். திருடன் போலச் சத்தமில்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர்.

கள்ளக்கடல் அதிகம் வருவது பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில். அதாவது, பள்ளிக் கோடை விடுமுறையும் அதுவும் ஒரே நேரத்தில் வருகின்றன. குழந்தைகளுக்கு லீவு கிடைக்கும் நேரம்தான் கடல் ஏமாற்றும் நேரமும்.

நல்ல விஷயம், இதைக் கணிக்க முடியும். ஐதராபாத்தில் இருந்து செயல்படும் இன்காய்ஸ் எனும் தேசியக் கடல்சார் தகவல் மையம், மாவட்ட வாரியாக அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதில் கன்னியாகுமரியின் பெயர் அடிக்கடி வரும். ரூம் போடும் முன் ஹோட்டல் ரிவ்யூ படிக்க அரை மணி நேரம் செலவழிப்பவர்கள், கிளம்பும் முந்தைய நாள் ஐந்து நிமிடம் இதைப் பார்த்தால் போதும்.

கிணற்று நீச்சல் கடலுக்குக் கை கொடுக்குமா?

முதுகில் டின் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் இந்தப் பகுதியில் நிறைய. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்ற அந்தத் தைரியம்தான் கடலில் ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் எங்கேயும் இழுத்துக்கொண்டு போகாது. கடல் இழுக்கும்.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக ஒரு வழி தேடும். அப்படி ஒடுக்கமான பாதையில் வேகமாகத் திரும்பும் நீரோட்டம், இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரைக்கூட இழுத்துவிடும். இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பாதையில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். ‘இந்த இடம்தான் சேஃப்’ என்று குடும்பத்தோடு இறங்கும் இடம், பல நேரம் அதுவாகத்தான் இருக்கிறது.

சிக்கிவிட்டால் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் நீரோட்டத்தை எதிர்த்துக் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துச் சிக்குவது இத்தகைய விபத்துகளில் வழக்கமாக நடப்பது. வேனில் இருக்கும் காலி தண்ணீர் கேன், கயிறு என மிதப்பது எதையாவது எறிந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடுங்கள். 112, 108 எண்களோடு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் போனில் சேமித்து வையுங்கள்.

அப்போ எந்த மாதம் போவது?

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

*ஏப்ரல், மே:* எல்லாருக்கும் லீவு. ஆனால் வெயில், கூட்டம், கள்ளக்கடல் மூன்றும் சேர்ந்து வரும். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அறுவடை நேரமும்கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஆசையாக மீன் சாப்பிட நினைப்பவர்களின் பில்லும் எகிறும்.

*ஜூன் முதல் ஆகஸ்ட்:* தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிப்பால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படுவது சகஜம். ஆடி அமாவாசையன்று தர்ப்பணம் கொடுக்க வருபவர்களின் கூட்டம் தனி.

*காலாண்டு விடுமுறை:* செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கம். பருவக்காற்று தணியத் தொடங்கும் நேரம். ஆயுத பூஜை கூட்டத்தை மட்டும் கணக்கில் வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல வாய்ப்பு.

*அரையாண்டு விடுமுறை:* சபரிமலை சீசனின் உச்சம். கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் எப்படி நிற்குமோ, அப்படித்தான் கன்னியாகுமரியும் இருக்கும். புத்தாண்டும் சேர்ந்தால் ரூம் வாடகை கேட்கவே வேண்டாம்.

*ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை:* மகரவிளக்கு முடிந்து கூட்டம் வடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட முடிந்தால், வயதானவர்களுடன் போக இதுதான் நிம்மதியான நேரம்.

எப்படிப் போவது?

கெங்குவார்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, மதுரை, திருநெல்வேலி வழியாகச் சுமார் 300 கி.மீ. மதுரையிலிருந்து நான்குவழிச் சாலை. ராத்திரி பத்து மணிக்கு ஏறி விடியற்காலை சூரிய உதயத்துக்குப் போய் இறங்குவதுதான் வேன் டூர்களின் வழக்கமான பிளான். ஒரு ரூம் வாடகை மிச்சம்தான். ஆனால், பகலெல்லாம் வண்டி ஓட்டிய அதே டிரைவர் ராத்திரியும் தூங்காமல் ஓட்டும்போது, மிச்சமாவது எதற்கு ஈடு என்று யோசிக்க வேண்டும். மத்தியானம் கிளம்பி, இரவு அங்கே தூங்கி, மறுநாள் காலை உதயம் பார்ப்பது குழந்தைகளுக்கும் நல்லது, டிரைவருக்கும் நல்லது.

ரயிலில் போவதென்றால் மதுரை போய் ஏறலாம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. குடும்பமாகப் போகிறவர்கள் அந்த 60-வது நாளைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

அங்கே போன பிறகு?

காலை உதயம் முடிந்த கையோடு படகுத்துறைக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். வெயிலும் வரிசையும் சேர்ந்து நீளும் வேலை அது. 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்கும், 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே, 2024 டிசம்பர் 30 முதல் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. முன்பெல்லாம் மண்டபத்துக்குப் படகு ஓடினாலும், கடல் மோசமாக இருந்தால் சிலைக்கு ஓடாது. இப்போது ஒருமுறை மண்டபத்தில் இறங்கிவிட்டால் வள்ளுவரிடம் நடந்தே போகலாம். ஆனால் படகே நிறுத்தப்படும் நாளில் பாலமும் எட்டாது. ‘படகு இல்லையா, அப்போ பீச்ல இறங்கிக் குளிப்போம்’ என்று முடிவெடுப்பதுதான் தவறு. படகு ஓடாத கடல், குளிக்கவும் ஏற்ற கடல் அல்ல.

அந்த மாதிரி நாளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், மாத்தூர் தொட்டிப்பாலம் என ஒரு நாளை நிரப்ப இடங்கள் நிறைய. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

குளிப்பது என்றால் உள்ளூர் மக்களும் போலீஸாரும் கைகாட்டும் இடத்தில், கால் நனைக்கும் அளவுக்கு. பாறைகள் உள்ள இடத்தில் செல்ஃபிக்காக ஏற வேண்டாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ‘எல்லாரும் பார்த்துக்குவாங்க’ என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த ஒருவர் கையில் போன் இருக்கக் கூடாது.

குடும்பத்தின் பொறுப்பு மட்டும்தானா?

இல்லை. எச்சரிக்கை வெளியாவது வேறு, போய்ச் சேர்வது வேறு. ஐதராபாத்தில் கணிக்கப்படும் அலை, மீனவக் கிராமங்களுக்கு அறிவிப்பாகப் போகிறது. தேனியிலிருந்தோ திருச்சியிலிருந்தோ அன்று காலைதான் வந்து இறங்கிய சுற்றுலாப் பயணிக்கு அது எப்படித் தெரியும்?

கொடைக்கானலுக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் எண்ணி, பதிவு செய்து, பாஸ் கொடுக்க அரசு இயந்திரத்தால் முடிகிறது. அதே அரசு இயந்திரத்தால், கடல் சீற்ற எச்சரிக்கை உள்ள நாட்களில் மாவட்டத்துக்குள் நுழையும் செல்போன்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதா? விடுதிகளின் வரவேற்பறையில் அன்றைய கடல் நிலையைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என ஒரு பலகையில் எழுதிவைக்கச் சொல்ல முடியாதா? கூட்டம் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும், கடலைக் கையளவாய் அறிந்த உள்ளூர் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து உயிர்காப்பாளர்களாக நிறுத்துவது பெரிய செலவு அல்ல. தடைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் அவர்களுக்கு அது வருமானமும் ஆகும்.

அதுவரை, பிளான் போடும் வரிசையை மாற்றிக்கொள்வது நம் கையில் இருக்கிறது. முதலில் ரூம், அடுத்து வண்டி, கடைசியில் கடல் என்பதுதான் இப்போதைய வழக்கம். முதலில் கடலைக் கேட்போம், பிறகு ரூம் போடுவோம். வேனில் பதினான்கு பேர் ஏறினால், பதினான்கு பேரும் திரும்பி வந்து கெங்குவார்பட்டியில் இறங்க வேண்டும். டூர் நல்லபடியாக முடிந்தது என்பதற்கு அதுதான் முதல் அர்த்தம்.