ரப்பர்தானேன்னு விட்டுடாதீங்க!

ரேக் அண்ட் பினியன் படம் வரைஞ்சு மார்க் வாங்காதவங்க நம்ம டிபார்ட்மென்ட்ல கிடையாது. ஆனா ரேக்கோட ரெண்டு பக்கமும் இருக்கிற மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை யாரும் வரையறதில்ல. அதுதான் ரேக் பூட். கிரீஸை உள்ளேயும் சேறு, தண்ணியை வெளியேயும் நிறுத்துறது அதோட வேலை. கிழிஞ்சா கிரீஸ் போகும், மண் ஏறும், உள்ளே இருக்கிற டை ராட் மூட்டு தேயும், ரேக் துருப்பிடிக்கும். சின்ன கார்களுக்கு உறை சில நூறு ரூபாய்தான்; ரேக் போனா ஆயிரக்கணக்கில் செலவு.

"டேப் சுத்தினா போதும்" என்பார்கள். போதாது. ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் உறை நீண்டு சுருங்கும். கிரீஸ் பட்ட ரப்பர்ல டேப் நிக்காது. உள்ளே போன மண்ணும் அங்கேயே அரைச்சுக்கிட்டு இருக்கும். டை ராட் எண்டைச் சுற்று எண்ணிக் கழற்றி, மூட்டுல ஆட்டம் இருக்கான்னு பார்த்து, துடைச்சு, கிரீஸ் வச்சு, புது உறையும் கிளாம்ப்பும் போடணும். கடைசியா வீல் அலைன்மென்ட்.

லேப்ல வெட்டி வச்ச ரேக்கைக் காட்டினா மட்டும் பத்தாது. ஒரு உறையையாவது நம்ம கையால மாத்த விடணும். எது முதல்ல கிழியும்னு தெரியாம நாம டிசைன் பண்ணினா, பில் கட்டப்போறது வண்டி ஓட்டுறவர்தான்.